அழாமல் வரவேண்டிய காசு

இந்த மாதம் நம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி என் சொந்த மகள். மற்றவர்களுக்கும் அவள் வயதுதான் இருக்கும். அதனால் பிள்ளைகளே என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய மகள், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாற்காலி இருக்குப்பா, மேசை இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. ஆளுங்கதான் பாதிக்கு மேல இல்ல. ஒரு மேசையில யாரோட பிள்ளை போட்டோவோ அப்படியே ஒட்டியிருக்கு. எங்கப்பா போனாங்க எல்லாரும்?"

எனக்குப் பதில் தெரியும். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவள் படித்துவிட்டு உங்களுக்கும் கொடுப்பாள்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளி, அப்புறம் ஐந்தாம் படிவம், அவ்வளவுதான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு வேன் ஓட்ட வந்தேன். இலங்கையிலிருந்து ஓடி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நம்மிடம் வரத் தொடங்கியபோது, அவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. டிரைவரைக் கூப்பிடு என்றார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை இரண்டு வேலையும் பார்த்தேன்.

நம்முடையது நாடுகள் உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் உலக அமைப்பு. சொந்த நாட்டில் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். காசு எங்கிருந்து வருகிறது என்று வட்டம் போட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் கொடுத்துக் காட்டியும் இருப்பார்கள். ஒரு துண்டு காணாமல் போனால் கீழே யார் வீட்டில் என்ன நின்றுபோகும் என்பதை அந்த வட்டத்தில் காட்ட முடியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தைப் புரிய வைத்தவர் நிதிப் பிரிவில் இருந்த ஓர் அக்கா. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. காஜாங்கிலிருந்து தினமும் ரயிலில் வருவார். என்னைவிடச் சில வயது மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவரை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போகும்போது ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் அசையாமல் நின்றன. ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, இத்தனை நாடு சேர்ந்து நடத்துற அமைப்புன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் நம்ம ஆபீஸ் பெரியவரு வருஷா வருஷம் சூட்கேஸைத் தூக்கிக்கிட்டுக் கையேந்தப் போறாரு?"

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உங்க ஃபிளாட்டுல மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்டறீங்களா?"

"கட்டறேன்."

"எல்லாரும் கட்டறாங்களா?"

"எங்க கட்டறாங்க. லிஃப்ட் நின்னாத்தான் கீழ வந்து சத்தம் போடுவாங்க."

"அதேதான் லா. உலகத்துல சில அமைப்பு இருக்கு, மெம்பர் ஆனா சந்தா கட்டியே ஆகணும். பணக்கார நாடு அதிகமா, ஏழை நாடு கொஞ்சமா. ரொம்ப நாள் கட்டலேன்னா கூட்டத்துல ஓட்டு கிடையாது. ஆனா நமக்கு அந்தச் சந்தாவிலேர்ந்து வர்றது ஒரு சொட்டு. தலைமையகத்துல கொஞ்சப் பேரு சம்பளத்துக்குத்தான் காணும். மிச்சம் எல்லாம் அவங்கவங்க மனசு வச்சுக் குடுக்கறது. இந்த வருஷம் மனசு இருந்தா உண்டு. அடுத்த வருஷம் ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"மனசு வச்சாவது குடுக்கறாங்களே."

"குடுக்கறாங்க. எப்படிக் குடுக்கறாங்க? எங்க கோயிலுக்கு வந்து பாருங்க. ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலயும் ஒரு குடும்பத்துப் பேரு. உபயம் இன்னார், உபயம் இன்னார். ஃபேன் வாங்கிக் குடுக்க வரிசையில நிக்கறாங்க. கரண்ட் பில்லுக்கு உபயம் குடுத்த ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கோயிலிலும் அப்படித்தான். கழிவறையைக் கழுவுகிற அம்மாவுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"நாடுகளும் அப்படித்தான்," என்றார் அக்கா. "இந்தக் காசு பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டும், இந்தக் காசு வேன் வாங்க மட்டும். முடிச்சுப் போட்டுத்தான் அனுப்புவாங்க. முடிச்சை நான் அவிழ்த்தா அடுத்த வருஷம் அதுவும் வராது. முடிச்சில்லாத காசு எவ்வளவுன்னு கேக்காதீங்க, வயிறு எரியும்."

அவர் சொன்ன வேன் நம் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றது. வெள்ளை நிறம், கதவில் ஒரு நாட்டின் கொடி. பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் ஒளிந்து வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட என்று வந்த வேன். வேனுக்குக் காசு வந்தது, தாதிக்கு வரவில்லை. தாதி இல்லாமல் வேன் எங்கே போகும்? நான் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பேன். வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. அது அந்த நாட்டின் முடிச்சு.

இனி யோகராசாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் கொத்தனார். வன்னியிலிருந்து மனைவி தவமணியோடு வந்தவர். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறை. அடையாள அட்டை நம் அமைப்பு கொடுத்தது. வேலை செய்ய அனுமதி கிடையாது, ஆனாலும் கிடைத்த இடத்தில் சிமெண்டு குழைத்தார். பிறகு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இந்த நாட்டுக்காரனுக்குக் கிடைக்கும் சலுகை அவருக்குக் கிடையாது, வெளியே செய்தால் கட்டுப்படியாகாது. எதிர்வரிசையில் நம் அமைப்பு காசு கொடுத்து நடத்திய சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. அதன் மூலமாக அவருக்கும் அவரைப் போல் இன்னும் சிலருக்கும் டயாலிசிஸ் நடந்தது. டயாலிசிஸுக்கு உபயம் என்று எந்த நாடும் பெயர் போட வராது. அது முடிச்சில்லாத காசில் ஓடியது.

அந்த வருடம், நமக்கு அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய நாடு ஒன்றில் ஆட்சி மாறியது. எங்கள் காசு எங்கள் ஊருக்கே என்றார்கள். அது அவர்கள் நாட்டுச் செய்தியில் ஒரு மூலையில் வந்திருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் மக்கள் பெட்டி கட்டினார்கள். நேர்காணல் செய்கிறவர்கள், தொலைபேசி எடுக்கிறவர்கள், என்னைப் போல் மொழிபெயர்த்துச் சொன்ன பர்மியப் பையன், எல்லோரும் போனார்கள். என் மகள் பார்த்த அந்தப் போட்டோ அவர்களில் யாராவது விட்டுப்போனதாக இருக்கும்.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "டயாலிசிஸை இன்னும் கொஞ்ச மாசம் இழுத்துப் பிடிச்சிருவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல. ஒரு வழிதான் இருக்கு. மெம்பர் நாட்டு அதிகாரிங்க கொஞ்சம் பேரு நம்ம வேலையைப் பார்க்க வராங்க. அதுல ஒரு அம்மா, அவங்க நாடு சின்னது. ஆனா முடிச்சுப் போடாம குடுக்கற நாடு. அவங்க மனசு வச்சா யோகராசா மாதிரி ஆளுங்க பிழைச்சாங்க. கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அந்த வருகைக்கு நாங்கள் தயாரானதைச் சொல்கிறேன். பெரியவர் சுவருக்குப் புது வர்ணம் அடிக்கச் சொன்னார். மருத்துவ நிலையத்தில் இரண்டு மின்விசிறி ஓடாது. அதன் கீழே துணிக்கடை வைத்திருந்த பாயிடம் கேட்டதும், கடையில் ஓடிக்கொண்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தார்.

"என்ன அண்ணே, மந்திரி வராரா, இல்ல பொண்ணு பார்க்க வராங்களா?" என்றார்.

"அதைவிடப் பெரிய இடம், பாய்."

"அப்பன்னா இந்த ஓட்டை நாற்காலியெல்லாம் பின்னால தள்ளுங்க. நம்ம கடையில வாடிக்கையாளர் உட்கார்றது நாலு இருக்கு, கொண்டு போங்க. மானம் போயிரக் கூடாது லா."

வரிசையில் நிற்கும் நோயாளிகள் கூட்டமாகத் தெரிய வேண்டாம் என்று பாதிப்பேரை மறுநாள் வரச் சொன்னார் நிலையத்துத் தாதி. தவமணி பக்கத்து அறைகளில் கோப்பையும் திரைச்சீலையும் இரவல் வாங்கினாள். வந்தவர்கள் பார்க்கும்போது முகம் வெளிறி, கால் வீங்கி இருக்கக் கூடாது என்று யோகராசாவின் டயாலிசிஸ் முறையை ஒருநாள் முன்னதாகவே வைத்துக்கொண்டார்கள். நான் வீட்டிலிருந்து பெரிய குடையைக் கொண்டுபோனேன், மழை வந்தால் வேனிலிருந்து இறங்குகிறவர்கள் நனையக் கூடாதே என்று. அக்கா காஜாங்கிலிருந்து குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கி, வாழையிலையில் சுற்றி எடுத்துவந்தார்.

யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நம் ஆட்கள் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இதைத்தான் செய்வோம். கிழிந்ததை மடித்து உள்ளே வைப்போம், நல்லதை விரிப்போம். வேறு மாதிரி செய்ய எங்களுக்குத் தெரியாது.

அந்த அம்மையார் உயரமானவர், நரைத்த தலை, நிதானமான பேச்சு. மற்றவர்கள் மருத்துவ நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அக்காவும் நானும் அவரை யோகராசாவின் அறைக்கு அழைத்துப்போனோம். யோகராசா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை வெளியே தெரியவில்லை. தவமணி கட்டியிருந்தது அவளிடம் இருந்த ஒரே பட்டுச் சேலை. தட்டில் வடை, கோப்பைகளில் தேநீர்.

அம்மையார் வடையைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தவமணியை நேராகப் பார்த்து, இங்கே வாழ்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்வி இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நான் தமிழில் சொன்னேன்.

தவமணி சிரித்தாள். "ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை. நல்லா இருக்கிறம். தேத்தண்ணி ஆறப்போகுது, குடிக்கச் சொல்லுங்கோ."

நான் அக்காவைப் பார்த்தேன், அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழி சொல்கிறவனுக்கு ஒரே விதி: சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. அதை மீறாமல் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன். அம்மையாரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தவமணியிடம், "அம்மா, இவங்க சும்மா கேக்கல. உண்மையைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்க. டயாலிசிஸ் பத்திச் சொல்லலாம்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீடு தேடி வந்த மனுசியிட்ட, வாய்க்குள்ள வடை இருக்கேக்க, அழுது காட்டுறதே அண்ணை? அவ என்ன நினைப்பா?"

யோகராசாவும், "விடுங்கோ அண்ணை, பாவம் அவ, தூரத்தில இருந்து வந்திருக்கிறா" என்றார்.

இவர்கள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள், குறை ஒன்றும் இல்லையாம், தேநீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் தவமணியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். திரும்பிப் போகும்போது அக்கா அவரிடம் காசு நிற்கப்போவதையும் டயாலிசிஸையும் பற்றி விவரமாகச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது வேறு.

சில வாரம் கழித்து ஒரு மாலை, காஜாங் ரயிலுக்கு அக்காவைக் கொண்டுபோய் விடும்போது வேனில் வைத்துச் சொன்னார்.

"அந்த அம்மா நாட்டுலேர்ந்து பதில் வந்துருச்சு தம்பி. ரொம்பப் பாராட்டியிருக்காங்க. சுத்தமா, ஒழுங்கா நடத்தறோமாம். இங்க இருக்கற மக்கள் ஓரளவு நல்லபடியா இருக்கறதால, காசை இன்னும் மோசமா இருக்கற வேற நாட்டுக்கு அனுப்பறாங்களாம்."

"அது அநியாயம் இல்லையா அக்கா?"

"எப்படி அநியாயம்னு சொல்லுவேன்? அந்த எடத்துல தலைக்கு மேல கூரையே இல்ல. அந்த அம்மா நாற்காலியில நான் இருந்தாலும் அங்கதான் குடுத்திருப்பேன்." கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் இந்தக் காசுலயே உழல்றேன். கஷ்டத்தைக் காட்டினாத்தான் வரும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே சாத்தே வாங்கிட்டு வந்தேன் பாருங்க."

அதன் பிறகு பெரியவர் அக்காவிடம் ஒரு முடிவு கேட்டார். மிச்சமிருந்த காசில் சிலருக்கு டயாலிசிஸை நிறுத்தினால் மற்றவர்களுக்கு இன்னும் சில மாதம் கூடும். எல்லோரும் வாரம் இரண்டு முறைக்குக் குறைத்துக்கொண்டால் கொஞ்சம் நீளும், ஆனால் எல்லோருக்கும் உடம்பு கெடும் என்றார் டாக்டர். அக்கா இரண்டு நாள் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் முழுசாகவே நடக்கட்டும், தீர்கிற நாள் தீரட்டும், அதுவரை நான் வேறு இடத்தில் தட்டிப் பார்க்கிறேன் என்று முடிவு சொன்னார். "யாரை நிறுத்தறதுன்னு நான் தேர்ந்தெடுத்தா, அது வைத்தியம் இல்ல தம்பி, வேற என்னவோ" என்றார் என்னிடம். அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோரும் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள்; முடிவு சொல்லவேண்டியவர் தனியாக இருப்பார். அவருக்குக் கொஞ்சம் காப்பியாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

அவர் தட்டிய கதவு எதுவும் திறக்கவில்லை. காசு தீர்ந்தது. தொலைபேசியில் சொல்ல அக்கா சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனார், கூட நான் போனேன். கிள்ளான் அறையில் நான் வார்த்தை தேடித் தடுமாறிக்கொண்டிருந்தபோது யோகராசாவே பேச்சை முடித்துவைத்தார்.

"விளங்குது அண்ணை. நீங்கள் சொல்லக் கஷ்டப்பட வேண்டாம்."

பாய் கொடுத்தார். கோயிலில் கொஞ்சம் திரட்டினார்கள். எங்கள் அலுவலகத்திலும் போட்டோம். வாரம் இரண்டு முறை, பிறகு ஒருமுறை என்று நடந்தது. மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு மூச்சு வாங்கியது; படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அதே வாரம் மருத்துவ நிலையத்துச் சுவரில் இரண்டு பேர் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கை கழுவும் பழக்கத்தைப் பற்றிய படம், ஓரத்தில் ஒரு கொடி. அது வேறொரு நாட்டின் முடிச்சுப் போட்ட காசு. வரைந்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளே, தவமணி அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் அவள்மேல் பழி போடாதீர்கள். அவள் செய்தது நல்ல குடும்பத்துப் பெண் செய்வது. தப்பு எங்கே என்றால், ஒரு மனிதன் உயிரோடு இருப்பது, அவன் பெண்சாதி விருந்தாளி முன்னால் எவ்வளவு நன்றாக அழுகிறாள் என்பதில் போய் நின்றதே, அங்கே. சந்தா என்பது யாரும் அழாமல் வரும் காசு. மாதம் பிறந்தால் மெயின்டனன்ஸ் கட்டுகிற மாதிரி நாடுகள் கட்டினால், யோகராசாவை யாரும் பார்க்க வரவேண்டியதில்லை. முழுக்கைச் சட்டை போட வேண்டியதில்லை. நாடுகள் எப்படிக் காசு கொடுக்கின்றன என்பது பெரிய மனிதர்கள் கூட்டத்தில் பேசுகிற விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். கிள்ளானில் ஓர் அறையில் அது என்ன செய்யும் என்று பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

மறு வருடம் இன்னொரு குழு வந்தது. டயாலிசிஸ் பாதியாகிப்போன மற்றவர்கள் இன்னும் இருந்தார்கள். அக்காவின் வேலையும் அந்த ஆண்டோடு முடிவதாக இருந்தது. அவர் தவமணியிடம் போய், விருப்பம் இருந்தால் மட்டும் வந்து பேசு, இல்லையென்றால் உன்னைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றார். தவமணி வந்தாள்.

இந்த முறை பாயிடம் யாரும் மின்விசிறி கேட்கவில்லை. ஓட்டை நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நோயாளிகள் வெளிப்படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். வந்தவர்கள் வியர்த்து வழிய அவர்களுக்கு நடுவில் நின்றார்கள். தவமணி பருத்திச் சேலையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அழாமல் பேசினாள்.

"என்ர மனுசன் போன மாரியில செத்துப்போனார். கிட்னி வருத்தம் இருந்ததுதான், ஆனா அந்த வருத்தத்தால சாகேல்லை. காசு நிண்டுது, மெசின் நிண்டுது, அவரும் போயிட்டார். இந்தச் சனமும் அப்பிடிப் போகும். அவ்வளவுதான் சொல்ல இருக்கு."

நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு காசு வந்தது. ஒரு வருடத்துக்கு, டயாலிசிஸுக்கு மட்டும். அந்த வருடம் முடிந்தால் இன்னொருத்தி வந்து நின்று பேச வேண்டும். அதை நினைத்துச் சந்தோஷப்பட எங்களால் முடியவில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் தவமணியை வேனில் ஏற்றிக்கொண்டேன். யோகராசா போன பிறகு அவள் மேரு சாலைப் பக்கம் ஒரு சின்ன அறைக்கு மாறியிருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அண்ணை, இதை நான் அண்டைக்குச் சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பாரோ?"

இதற்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல எனக்குத் தெரியும். அவள் என்னை நம்பித்தான் இத்தனை நாளும் பேசினாள். "தெரியாதும்மா" என்றேன். "சொல்லியிருந்தாலும் அந்தக் கூரையில்லாத ஊருக்குத்தான் போயிருக்கும்னு அக்கா சொல்றாங்க. எனக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள்.

இறங்கும்போது, "உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவாள் என்று போனேன். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் மாலை போட்ட யோகராசாவின் படம். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். திறந்து பார்த்தாள், மூடினாள். பக்கத்து அறையில் வானொலி கேட்டது, ஆள் இருந்தார்கள். முன்பென்றால் என்னைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டே அங்கே ஓடி இரவல் வாங்கி வந்திருப்பாள். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சீனி முடிஞ்சுபோச்சண்ணை" என்றாள். "இல்லாமல்தான் குடிக்க வேணும்."

நான் குடித்தேன்.